பாம்பு மாத்திரைக்கு ஒரு துணைக்குழு

சோணைமுத்து சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெகுகாலம் பேக்கிங் வேலை பார்த்தவன். யாரோ விற்பதற்காக வெடியைப் பெட்டி பெட்டியாக அடுக்கி அலுத்துப்போய், 2008ஆம் வருஷம் தீபாவளிக்குத் தானே ஒரு கடை போடுவது என்று ஆடி மாதமே முடிவுசெய்துவிட்டான். மல்லாங்கிணறு பஜாரில் இடம் பார்த்து, சுவருக்கு வெள்ளையும் அடித்தாயிற்று. கம்பெனி முதலாளி அய்யாதுரை, "லைசென்சைக் கொண்டாந்து காட்டு, மறுநாளே லோடு அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டார். மனைவி வேல்விழி தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, இனி கல்லாவில் உட்காரப்போவதாகத் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டாள். ஆக, பின்வாங்க வழியில்லை. பாக்கி இருந்தது லைசென்ஸ் மட்டும்தான்.

விருதுநகரில் லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் கவுன்டர் இருந்தது. கவுன்டருக்குப் பின்னால் உரிமப் பிரிவின் தலைமை எழுத்தர் பெத்தணன் உட்கார்ந்து வறுகடலை கொறித்துக்கொண்டிருந்ததும் தெரிந்தது. ஆனால் கண்ணாடியின் முக்கால் பங்கை ஒரு போஸ்டர் மறைத்திருந்தது. அதில் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் கைகூப்பிச் சிரித்தாள். ‘விடைச்செல்வி! வினவுங்கள், விடைபெறுங்கள்!’ என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டுப் பலபேர் அப்படியே விடைபெற்றுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

சோணைமுத்து போஸ்டரின் ஓரமாகக் குனிந்து, "ஐயா, வெடிக்கடை லைசென்சு..." என்றான்.

"தம்பி, நான் உங்கிட்டப் பேசக் கூடாது" என்றார் பெத்தணன். "பேசுனா மெமோ குடுத்துருவாக. சீல், இங்க் பேடு எல்லாத்தையும் உள்ள வச்சுப் பூட்டச் சொல்லிட்டாக. அந்தா மூலையில இருக்கா பாரு, அவகிட்டக் கேளு."

மூலையில் யாரும் இல்லை. ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. திரையில் அதே பட்டுச்சேலைக்காரி கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தாள். சோணைமுத்து பத்தாவது வரை படித்தவன். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தான்: ‘வெடிக்கடை போட வேண்டும்.’

‘வணக்கம். வெடி, கடை ஆகிய சொற்கள் புரிந்தன. தங்கள் கடையில் எப்போது வெடி?’ என்று கேட்டாள் செல்வி.

‘தீபாவளிக்கு’ என்று அடித்தான்.

‘கடையின் முகவரி?’

அதையும் அடித்தான். தபால்காரர் தேடி அலையக் கூடாதே என்று பக்கத்திலிருந்த உரக்கடையின் பெயரையும் சேர்த்துக்கொண்டான்.

‘நன்றி. உரிய துறைக்குத் தகவல் அனுப்பப்பட்டது. பதற்றப்படாமல் வெட்டவெளியில் நிற்கவும்.’

கடைசி வரி கொஞ்சம் விநோதமாகத்தான் பட்டது. இருந்தாலும் சர்க்கார் சொல்லும்போது நாம் யார் என்று வெளியே போய் வெயிலில் நின்றான். டீ குடிக்கப் போன பெத்தணன் திரும்பி வரும்போதும் நின்றுகொண்டிருந்தான்.

"இங்கன எதுக்குய்யா நிக்கே?"

"வெட்டவெளியில நிக்கச் சொன்னாக."

"செல்வி சொன்னாளா? அப்ப நில்லு" என்று உள்ளே போய்விட்டார் பெத்தணன்.

மாலையில் ஊருக்குத் திரும்பினால் பஜாரே கூடியிருந்தது. அவனுடைய காலிக் கடை முன்னால் தீயணைப்பு வண்டி நின்றது. வேல்விழி வண்டிக்காரர்களிடம், "வெடியே இன்னும் வரலைங்கய்யா, அப்புறம் எப்பிடி வெடிக்கும்?" என்று மன்றாடிக்கொண்டிருந்தாள். அவர்களும் நல்ல மனுஷர்கள்தான். ஆனால் புறப்பட்டு வந்ததற்குக் காரணமாக ஏதாவது ஒரு தீயை அணைத்ததாகக் காட்டியாக வேண்டியிருந்தது. அதனால் புது வெள்ளையடித்த சுவரில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சி, ஆளுக்கு ஒரு காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் புகார் சொல்லப் போன சோணைமுத்துவை மாடிக்கு அனுப்பினார்கள். மாடியில் ஏ.சி. போட்ட கூடம். ‘மாவட்ட மின்சேவைச் சொற்பொருள் மையம்’ என்று பித்தளைப் பலகை. இயக்குநர் முனைவர் ராஜபாண்டியன் வெளிநாடு போய், பொருள் என்பதைப் பற்றியே ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். தீயணைப்பு வண்டிக் கதையைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அற்புதம்! செல்வி உங்களிடம் பேசி, தானே ஒரு சேவையைத் தேர்ந்தெடுத்து, தானே அழைத்திருக்கிறாள். வண்டியும் வந்திருக்கிறது. எங்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி இது."

"தீ ஒண்ணும் பிடிக்கலையே சார்."

"அது பொருள் சார்ந்த பிரச்சினை. இயக்கம் சார்ந்த பிரச்சினை அல்ல." இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாருங்கள். மின்சாரம், போக்குவரத்து, சுகாதாரம் என்று ஒவ்வொரு துறைக்கும் இணையத்தில் ஒரு சேவை இருக்கிறது. செல்வி மக்களிடம் தமிழில் பேசிவிட்டு, அந்தந்தச் சேவையிடம் போய் வேலையை முடித்துக்கொண்டு வர வேண்டும். ஆனால் அங்கே எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்று ஒரு இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? ‘பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது ஆளின் பெயரா, ஊரின் பெயரா, ஆட்டின் பெயரா? அதற்காகத்தான் ஒவ்வொரு கட்டத்துக்கும் நாங்கள் ஒரு பொருட்குறி ஒட்டுகிறோம். உள்ளே இருப்பது இன்னது என்று செல்விக்கு அது சொல்லிவிடும்."

சோணைமுத்துவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "பெட்டிக்கு லேபிள் ஒட்டுற மாதிரின்னு சொல்லுங்க."

இயக்குநர் இரக்கத்தோடு புன்னகைத்தார். "இல்லை. லேபிள் ஒட்டுகிறவனுக்குப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கும். நாங்கள் அந்த நிலையைக் கடந்துவிட்டோம்."

பிறகு சோணைமுத்துவை ஏற இறங்கப் பார்த்தார். "பட்டாசுத் துறைச் சொற்களுக்குப் பொருட்குறி ஒட்ட ஒரு குழு அமைத்திருக்கிறோம். அதில் மண்ணின் குரல் இல்லை என்று சென்னையிலிருந்து ஒரு குறிப்பு வந்திருக்கிறது. இன்று முதல் அந்தக் குரல் நீங்கள்தான்."

"சார், எனக்கு லைசென்சு மட்டும் கெடைச்சாப் போதும்."

"அதற்குத்தானே இதெல்லாம்? வெடி என்றால் என்ன என்று குழு முடிவுசெய்ததும், வெடிக்கடை உரிமத்துக்கான சேவை தானாகத் திறந்துகொள்ளும்."

கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டார்கள். ‘வட்டார வழக்கு வல்லுநர்’ என்று அதில் இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது கண்டக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு, "உக்காருங்க சார்" என்றார். சோணைமுத்துவுக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

குழு வாரத்துக்கு இரண்டு முறை கூடியது. இயக்குநர்தான் தலைவர். துறைக்கு ஒருவராகச் சில அதிகாரிகள் வந்து பிஸ்கட் சாப்பிட்டார்கள். ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்த ஞானசுந்தரி என்ற இளம் பெண், பேசுவதையெல்லாம் கம்ப்யூட்டரில் பொருட்குறியாக ஏற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அதனால் அவள் அதிகம் பேசுவதில்லை.

முதல் கூட்டம் முழுவதும் ‘வெடி’ பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்பதிலேயே போனது. "விக்கிறப்பப் பேரு, வெடிக்கிறப்ப வினை" என்றான் சோணைமுத்து. அந்தக் கருத்து முன்கூட்டியே எழுத்தில் தரப்படாததால் ஏற்கப்படவில்லை.

அடுத்த கூட்டத்தில் சரக்குப் பட்டியலை எடுத்துக்கொண்டார்கள். லட்சுமி வெடி என்றதும், சாமி பெயர் வருவதால் அறநிலையத் துறையின் ஆட்சேபணை இன்மைக் கடிதம் வேண்டும் என்றார் ஒருவர். ராக்கெட்டை வான்வெளித் துறையின் கருத்துக்கு அனுப்பலாம் என்று முடிவாயிற்று. அணுகுண்டு என்று ஞானசுந்தரி வாசித்தபோது கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை.

"இது எங்கே தயாராகிறது?" என்று தணிந்த குரலில் கேட்டார் இயக்குநர்.

"எங்க கம்பெனியிலதான் சார். பச்சைக் கலர்ல, சணல் சுத்தி..."

"போதும். இந்த அறையில் விவரம் வேண்டாம். டெல்லிக்கு எழுதுவோம்."

புஸ்வாணம் என்ற சொல்லை மட்டும் எழுதவே கூடாது என்று இயக்குநர் தடுத்துவிட்டார். நம் திட்டத்தின் கோப்பில் அந்தச் சொல் இருந்தால் தணிக்கைக்காரர்கள் அதைத் திட்டத்தைப் பற்றிய குறிப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர் கவலை. எனவே அதற்கு ‘மேல்நோக்கு ஒளிச்சாதனம்’ என்று பெயரிட்டார்கள்.

பாம்பு மாத்திரையில்தான் எல்லாம் சிக்கியது. கருப்பாகக் குட்டி வில்லை. பற்றவைத்தால் பாம்பு மாதிரி நெளிந்து வளரும். சிவகாசியில் கைக்குழந்தைக்கும் தெரியும். வனத்துறைக்காரர் பாம்பு தங்களுக்கு வர வேண்டும் என்றார். சுகாதாரத் துறைக்காரர் மாத்திரை தங்களுடையது என்றார். பாம்பும் மாத்திரையும் சேர்ந்து வருவதால் கால்நடைத் துறையையும் கேட்பது முறை என்றார் மூன்றாமவர்.

"சார், அது தின்கிற மாத்திரை இல்ல. சும்மா பொசுக்கி விளாடுறது. கொஞ்சூண்டு மருந்துதான் இருக்கும்" என்று சொல்லித் தொலைத்தான் சோணைமுத்து.

"மருந்தா?" என்று நிமிர்ந்தார் சுகாதாரத் துறைக்காரர்.

"ஆமா சார். எல்லா வெடிக்குள்ளயும் மருந்துதான். மருந்து இல்லைன்னா எப்பிடி வெடிக்கும்?"

ஞானசுந்தரி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "சார், இவுக வெடிமருந்தைச் சொல்றாங்க. அது வேற, மருந்து வேற. ரெண்டுக்கும் தனித்தனிக் குறி வைக்கணும்."

"ஒரு சொல், ஒரு பொருள்" என்றார் இயக்குநர். "அதுதான் நம் மையத்தின் கொள்கை. மருந்து என்ற சொல்லுக்குச் சுகாதாரச் சேவை ஏற்கெனவே குறி ஒட்டிவிட்டது. ஒட்டியதைப் பிரித்தால் நாம் தவறு செய்ததாக ஆகிவிடும். பாம்பு மாத்திரைக்கு மட்டும் ஒரு துணைக்குழு போடுவோம். மற்றவற்றை மருந்தின் கீழ் கொண்டுவந்துவிடுங்கள்."

துணைக்குழுவுக்கும் சோணைமுத்துவையே உறுப்பினராகப் போட்டார்கள்.

ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்தது. சிவகாசிப் பக்கம் கம்பெனி வேன்கள் விடியுமுன்பே ஆள் ஏற்றிக்கொண்டு ஓடின. லாரிகள் லோடு லோடாக வடக்கே போயின. அய்யாதுரை போன் போட்டு, "ஏலே, சீசன் ஆரம்பிச்சாச்சு. ஒனக்குன்னு ஒதுக்கி வச்ச சரக்கை இன்னும் எம்புட்டு நாளைக்குக் காவல் காப்பேன்? கேக்கிற ஆளுக்குத் தள்ளிவிட்ருவேன் பாத்துக்க" என்றார். வேல்விழி தினமும் கடையைத் திறந்து, காலி அலமாரியைத் துடைத்து, மறுபடி பூட்டிவிட்டு வந்தாள்.

"நீங்க லைசென்சு வாங்கப் போனீகளா, இல்ல அங்கன உத்தியோகத்துல சேந்துட்டீகளா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"துணைக்குழு அறிக்கை வந்துட்டா முடிஞ்சுரும் வேலு."

"துணைக்குழுவுல யாரு இருக்கா?"

"நானும் இன்னொருத்தரும்."

வேல்விழி அதற்குப் பிறகு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. தீப்பெட்டி ஆபீஸ்காரி ஒருத்தி வழியில் பார்த்து, "கல்லா எப்பிடி இருக்கு?" என்று கேட்டிருந்தாள். அந்தக் கோபம்.

அப்படியிருக்கும்போது ஒரு காலையில் செல்வியிடமிருந்து அவன் செல்போனுக்குச் செய்தி வந்தது. ‘வாழ்த்துகள்! தங்கள் கடைக்கு உரிமம் வழங்கப்பட்டது.’ சோணைமுத்து ஓடிப்போய் பிரவுசிங் சென்டரில் அச்செடுத்தான். தெருவுக்கே மிட்டாய் கொடுத்தான். வேல்விழி அந்தத் தாளை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கப் போனவள், எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"ஏங்க, இதுல மருந்துக்கடைன்னு போட்ருக்கு."

"வெடிமருந்தைச் சொல்லியிருப்பாக."

"காய்ச்சலுக்குக் குடுக்கிற மருந்துக்கடைங்க. படிச்ச ஆளு ஒருத்தரு எந்நேரமும் கடையில இருக்கணுமாம். ஊசிமருந்து கெடாம இருக்கக் குளுருப்பெட்டி வைக்கணுமாம்."

அன்று மத்தியானமே மருந்து ஆய்வாளர் வந்துவிட்டார். புது மருந்துக்கடை என்று செல்வி அவருக்கும் செய்தி அனுப்பியிருந்தாள். காலி அலமாரியைப் பார்த்துவிட்டு, என்ன விற்கப்போகிறீர்கள் என்று கேட்டார். சோணைமுத்து பட்டாசுக் கம்பெனியின் விலைப்பட்டியலைக் கொடுத்தான். அவர் விரலை ஓட்டிக்கொண்டே வந்து பாம்பு மாத்திரையில் நிறுத்தினார்.

"இதை மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது" என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் தலைவலிக்கும் சளிக்கும் மாத்திரை கேட்டு ஊர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். அய்யாதுரை போனில் லைசென்சை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சிரித்து முடிக்கவே வெகுநேரமாயிற்று. சரக்கு மட்டும் தர மாட்டேன் என்றார். அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை.

மறுபடியும் மாடி. இயக்குநர் தாளைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இது பிழை அல்ல. தர்க்கம் சுத்தமாக இருக்கிறது. வெடிக்குள் இருப்பது மருந்து. மருந்து விற்கும் கடை மருந்துக்கடை. ஒரு மனிதன் இவ்வளவு தெளிவாக யோசித்திருக்க மாட்டான்."

"நான் இப்ப என்ன சார் செய்ய?"

"ரத்து செய்யச் சொல்லிச் செல்வியிடமே கேளுங்கள்."

கீழே வந்து ‘ரத்து செய்ய வேண்டும்’ என்று அடித்தான். ‘எந்த நாளுக்கானது?’ என்று கேட்டாள் செல்வி. உரிமத்தில் போட்டிருந்த நாள் வெள்ளிக்கிழமை. அப்படியே அடித்தான். ‘எந்த ஊர்?’ மல்லாங்கிணறு. ‘யார் பொருட்டு?’ சோணைமுத்து. ‘ரத்து செய்யப்பட்டது. நன்றி.’ இவ்வளவு சுலபமா என்று வியந்தபடி ஊருக்குப் போனான்.

ரத்து என்ற சொல்லுக்கு அதுவரை பொருட்குறி ஒட்டியிருந்தது பேருந்துச் சேவை மட்டும்தான் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

வந்த வெள்ளிக்கிழமை வேல்விழி ஒரு வேண்டுதலோடு புறப்பட்டாள். இருக்கன்குடி மாரியம்மனிடம் நேரில் போய், லைசென்சு விஷயத்தை ஒப்படைத்துவிட்டு வருவது என்று முடிவு. தெருப் பெண்கள் இருளம்மாள் முதற்கொண்டு பொங்கல் பானையும் விறகுமாக அவளோடு வந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் போகிற கோயில் பேருந்து வரவில்லை. வெயில் ஏறியது. விசாரித்ததில் நிறுத்தத்தின் தூணில் ஒரு தாள் ஒட்டியிருப்பதைக் காட்டினார்கள். ‘பயனாளர் கோரிக்கையின்படி இன்றைய பேருந்து ரத்து. கோரியவர்: சோணைமுத்து, மல்லாங்கிணறு.’

"அடியே வேலு, ஒம்புருசன் மாரியாத்தா மேல என்னடி கோவம் வச்சிருக்காரு?" என்றாள் இருளம்மாள்.

வேல்விழி ரோட்டில் போன ஒரு லோடு வண்டியைக் கைகாட்டி நிறுத்தினாள். "எல்லாரும் ஏறுங்க. இருக்கன்குடிக்கு அப்புறமாப் போவோம்" என்றாள். வண்டி விருதுநகர்ப் பக்கம் திரும்பியது.

அன்றைக்கென்று பார்த்து மையத்தில் பெருவிழா. சென்னையிலிருந்து செயலர் வந்து விடைச்செல்வியை முறைப்படி தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. சாயங்காலம் நாலரைக்கு முகூர்த்தம். வாழைமரம், மேளம், சால்வை எல்லாம் தயார். நிகழ்ச்சி நிரலைச் சரிபார்த்த இயக்குநருக்கு மத்தியானம்தான் உறைத்தது: வரவேற்புக்கு வெடி இல்லை. இந்த மண்ணில் வெடி இல்லாமல் ஒரு விழாவா? வாங்கிவர ஆளை அனுப்பினார்கள். ஆள் வெறுங்கையோடு திரும்பினான். மாவட்டத்தில் பழைய வெடிக்கடைகள் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாமல் பூட்டிக் கிடந்தன; புதுசாக ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. கடை போட விண்ணப்பித்த வியாபாரிகள் எல்லாரும் கீழே வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆடி மாதத்திலிருந்து அவர்களுக்கு அதுதான் வேலை. அவர்களில் மூன்று பேருக்கு மருந்துக்கடை கிடைத்திருந்தது. ஒருவருக்கு மீன்வளர்ப்பு.

இயக்குநர் சோணைமுத்துவைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீங்கள் நம் உறுப்பினர். மையத்தின் கௌரவம் உங்கள் கையில் இருக்கிறது. ஒரு பத்தாயிரம் வாலா சரம் வேண்டும். உடனே."

"லைசென்சு இல்லாம கம்பெனியில குடுக்க மாட்டாங்க சார்."

"ஒரு தாளுக்காகவா ஒரு அரசு விழா நிற்பது?" என்று இயக்குநர் வெகுண்டார். வாழ்க்கையில் முதல்தடவையாக அவருக்கு லைசென்ஸ் மேல் கோபம் வந்தது. "பெத்தணனைக் கூப்பிடுங்கள். பழைய முறையில் உடனே ஒன்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்."

அந்தச் சமயத்தில்தான் வேல்விழி படியேறி வந்தாள். பின்னால் இருளம்மாளும் மற்றவர்களும் பானைகளோடு வந்து ஏ.சி. கூடத்தில் நின்றார்கள். சோணைமுத்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இயக்குநரின் நாற்காலிக்குப் பின்னால் போய்விட்டான்.

"பஸ்ஸை எதுக்கு நிப்பாட்டுனீக?" என்றாள் வேல்விழி.

"நான் லைசென்சைத்தான் வேலு..."

"அம்மா, அதெல்லாம் அப்புறம். உங்கள் கணவருக்கு இப்போதே உரிமம் தரப்போகிறோம்" என்றார் இயக்குநர் அவசரமாக. "இன்று ஒரு நாளைக்கு."

வேல்விழி அவரைப் பார்த்தாள். மேசைமேல் கிடந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாள். விஷயம் என்னவென்று ஞானசுந்தரி அவள் காதோரம் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள்.

"ஒருநாள் லைசென்சு எங்களுக்கு வேண்டாங்கய்யா" என்றாள் வேல்விழி. "தீவாளி முடியிற வரைக்கும் எழுதுங்க. எங்களுக்கு மட்டுமில்ல. கீழ வராந்தாவுல ஆடியில இருந்து குத்தவச்சுக்கிட்டு இருக்காகளே, அம்புட்டுப் பேருக்கும் எழுதுங்க. இல்லாட்டி உங்க விழாவுக்கு வாயாலதான் டமார் டமார்னு சொல்லிக்கிடணும்."

"அது கொள்கை முடிவு அம்மா. செல்வியைக் கேட்காமல்..."

"கேளுங்க. நாங்க இங்கனயே பொங்கல் வச்சுக்கிட்டு இருக்கோம். எங்களுக்குத்தான் பஸ் இல்லையே" என்று இருளம்மாள் கம்பளத்தின்மேல் விறகை இறக்கினாள்.

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். விறகைப் பார்த்தார். பிறகு, "அவசரச் சூழ்நிலை காரணமாக" என்று தொடங்கும் ஒரு உத்தரவை ஞானசுந்தரியிடம் சொல்லத் தொடங்கினார். அவள் அதை முன்னமே அடித்து வைத்திருந்தாள்.

கீழே பெத்தணன் பூட்டைத் திறந்து சீலை எடுத்தார். இங்க் பேடு காய்ந்துபோயிருந்தது. வறுகடலைப் பொட்டலத்தை ஓரம் வைத்து, இங்க் பேடில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "ஒவ்வொருத்தரா வாங்கப்பா. எந்த ஊரு? எந்த எடம்? மல்லாங்கிணறு உரக்கடைக்குப் பக்கமா? அங்கன வேண்டாம், உரமும் வெடியும் அடுத்தடுத்து ஆகாது. எதுத்தாப்புல தகரக் கடை ஒண்ணு சும்மாக் கெடக்கு, அதுக்கு எழுதுறேன்." எதிர் அறையில் கையெழுத்துப் போடும் அதிகாரி ஒருவர் இருந்தார். இத்தனை நாளாக யாரும் எதையும் கொண்டுவரவில்லையே என்று அவர் பேனாவை மூடிவைத்திருந்தார். இப்போது திறந்தார். டீ வந்து, ஆறி, ஆடை கட்டுவதற்குள் வராந்தா காலியாகிவிட்டது.

சோணைமுத்து தன் தாளை மூன்று தரம் படித்தான். வெடிக்கடை என்றுதான் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேல்விழி தாளை அவன் கையிலிருந்து வாங்கி, நனைந்துவிடாமல் மடித்து வைத்துக்கொண்டு, "முதலாளிக்குப் போனைப் போடுங்க" என்றாள்.

அய்யாதுரை சொன்ன சொல் தவறவில்லை. நாலரைக்கெல்லாம் சரம் வந்து இறங்கிவிட்டது. செயலரின் கார் நுழைந்ததும் பத்தாயிரம் வாலா அதிர்ந்து வெடித்தது. புகை அடங்கியதும் இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்த மையம் தொடங்கிய நாளிலிருந்து கவுன்டரில் ஒருவர்கூட நின்று சிரமப்படவில்லை. புகார்கள் அறவே இல்லை. ஏனென்றால் புகார் என்ற சொல்லுக்கு நாங்கள் இன்னும் பொருட்குறி ஒட்டவில்லை. ஒட்டுவதற்கு அவசரமும் இல்லை. இன்று பிற்பகல் மட்டும் வராந்தா நிறைய வியாபாரிகளுக்கு உரிமம் வழங்கியிருக்கிறோம் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டல் எழுந்தது. வியாபாரிகள்தான் பலமாகத் தட்டினார்கள். செயலர் திரைக்கு முன்னால் அமர்ந்து, ‘வணக்கம், நலமா?’ என்று அடித்தார்.

‘நலம் சுகாதாரத் துறையைச் சேர்ந்தது. தங்களுக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல்?’ என்று கேட்டாள் செல்வி.

செயலர் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு இயக்குநர் பக்கம் திரும்பி, "அக்கறையோடு பேசுகிறதே" என்றார். மாநிலத்தின் சிறந்த மின்சேவைக்கான பரிசு அந்த வருஷம் விருதுநகருக்குத்தான் வந்தது.

சோணைமுத்துவின் கடையில் தீபாவளிக்கு முந்தின நாள் நிற்க இடமில்லை. வேல்விழி கல்லாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பழைய தீப்பெட்டி ஆபீஸ்காரிகள் எல்லாரும் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பாம்பு மாத்திரை எந்தச் சீட்டும் இல்லாமல் முதலில் தீர்ந்தது. வெள்ளிக்கிழமைப் பேருந்தை மறுபடி ஓட வைக்க மட்டும் தை மாதமாயிற்று.

மறுவருஷம் ஆடியில் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது கவுன்டரையே எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் பலகை அடைத்து, அதில் பெரிய திரையைப் பதித்திருந்தார்கள். பரிசு வாங்கிய செல்வியைப் பார்க்க வெளியூர் அதிகாரிகள் ஒரு கும்பலாக வந்திருந்தார்கள். இயக்குநர் விளக்கிக்கொண்டிருந்தார். "இப்போது பொருட்குறிகள் முதிர்ச்சி அடைந்துவிட்டன. வட்டார வழக்கையே பேசுகிறாள். எப்படி என்று எங்களுக்கே வியப்பாக இருக்கிறது. இதோ, பயனாளர் ஒருவர் வருகிறார், பாருங்கள்."

சோணைமுத்து பயந்துகொண்டே ஒற்றை விரலால் அடித்தான்: ‘வெடிக்கடை லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும்.’

கொஞ்ச நேரம் திரையில் ஒன்றும் வரவில்லை. பலகைக்குப் பின்னால் யாரோ வறுகடலை கொறித்தபடி நாற்காலியை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு எழுத்து, ஒரு எழுத்தாகப் பதில் வந்தது.

‘வா தம்பி. வேல்விழி சௌக்கியமா? போன வருசத்துத் தாளைக் கொண்டாந்தியா?’

அதிகாரிகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். சோணைமுத்துவுக்குத் தைரியம் வந்துவிட்டது. ‘கொண்டுவந்திருக்கிறேன்’ என்று அடித்தான்.

‘நல்லது. பலகைக்குக் கீழ ஓட்டை இருக்கு பாரு, அது வழியா உள்ள தள்ளு.’

தள்ளினான். தாள் சரேலென்று உள்ளே போனது. வெளியூர் அதிகாரி ஒருவர் குனிந்து அந்த ஓட்டையை வியப்போடு பார்த்தார். திரையில் மறுபடி எழுத்துகள் ஊர்ந்து வந்தன.

‘இப்பச் சாப்பாட்டு நேரம். ரெண்டரைக்கு மேல வந்து வாங்கிக்க.’

"நேரம், பசி, ஓய்வு!" என்றார் இயக்குநர் தழுதழுத்த குரலில். "இவற்றுக்கு நாங்கள் குறியே ஒட்டவில்லை. அவளே புரிந்துகொண்டாள்."

சோணைமுத்து திரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, டீக்கடைப் பக்கம் நடந்தான்.